பாராபென் உள்ள லோஷனா, இல்லாத லோஷனா? இரண்டு வயதுக் குழந்தைக்கு எதைப் பூசுவது?

கயல்_மதுரை:
என் மகளுக்கு இரண்டு வயது. முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் தோல் வறண்டு சொரசொரவென்று இருக்கிறது, ராத்திரியில் சொறிகிறாள். வீட்டில் இரண்டு லோஷன் பாட்டில் இருக்கின்றன. பின்பக்கம் போட்டிருப்பதை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலாவது, 190 ரூபாய்: தண்ணீர், மினரல் ஆயில், கிளிசரின், பெட்ரோலாட்டம், சீட்டைல் ஆல்கஹால், மீத்தைல்பாராபென், ப்ரொப்பைல்பாராபென், பார்ஃப்யூம்.

இரண்டாவது, 640 ரூபாய். முன்பக்கம் பெரிதாக ‘பாராபென் இல்லை’ என்று போட்டு, பாதாம் படமும் இருக்கிறது: தண்ணீர், கிளிசரின், சீட்டைல் ஆல்கஹால், ஃபீனாக்ஸிஎத்தனால், பாதாம் எண்ணெய், கற்றாழைச் சாறு, பார்ஃப்யூம்.

எதைப் பூசலாம்? இரண்டிலுமே ஆல்கஹால் இருக்கிறதே, எரியாதா?

செம்பருத்தி:
190 ரூபாய் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள் கயல். பாராபென் என்பது லோஷன் கெடாமல் இருக்கப் போடும் ப்ரிசர்வேட்டிவ். அது உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி நடந்துகொள்ளும். 2004-ல் பிரிட்டனில் 20 மார்பகக் கட்டிகளை எடுத்துச் சோதித்தபோது அவற்றில் பாராபென் இருந்தது. இது தெரிந்த பிறகு பிள்ளை மேல் எப்படிப் பூசுவது?

பாண்டி_லேப்:
பாண்டிச்சேரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் க்ரீம், லோஷன் ஃபார்முலேஷன் பார்க்கிறேன், பதினோரு வருடமாக. முதலில் ஆல்கஹால் சந்தேகம். சீட்டைல் ஆல்கஹால் சானிடைசரில் வரும் ஆல்கஹால் இல்லை. மெழுகு போல வெள்ளைச் செதிலாக இருக்கும். லோஷனுக்குக் கெட்டித்தன்மை தரும், தோலை மெத்தென்று வைக்கும். பயம் வேண்டாம்.

செம்பருத்தி சொன்ன ஆய்வில் கட்டியில் பாராபென் இருந்தது என்று மட்டும்தான் காட்டினார்கள். பக்கத்தில் இருக்கும் ஆரோக்கியமான திசுவில் எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிடவில்லை. அதனால்தான் கட்டி வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்வது உண்மை, ஆனால் உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜனைவிடப் பல ஆயிரம் மடங்கு பலவீனமாக.

இன்னொன்று. தண்ணீர் சேர்ந்த எந்தப் பொருளும் கெடும். ப்ரிசர்வேட்டிவ் போடாத லோஷனில் சில வாரத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும், கண்ணுக்கும் தெரியாது. சொறிந்து புண்ணான தோலில் அதைப் பூசுவதுதான் எனக்குப் பெரிய பயம். பாராபென் வேண்டாம் என்றால் வேறு ஏதாவது போட்டுத்தான் ஆக வேண்டும்.

வலசை:
அந்த ‘வேறு ஏதாவது’ என்னை என்ன செய்தது என்று சொல்கிறேன். பாராபென் இல்லாதது என்று தேடிப் பிடித்து ஒரு க்ரீம் வாங்கினேன். மூன்றாவது வாரம் கண் இமை வீங்கிவிட்டது, கழுத்தெல்லாம் தடிப்பு. முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் எடுத்தபோது மெத்தில்ஐசோதயாசோலினோன் என்று வந்தது. பாராபெனுக்குப் பதிலாகப் போட்டிருந்த ப்ரிசர்வேட்டிவ் அதுதான்.

அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்கன் கான்டாக்ட் டெர்மடைட்டிஸ் சொசைட்டி வருடா வருடம் ஒரு ஒவ்வாமைப் பொருளைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கிறது. 2013-ல் மெத்தில்ஐசோதயாசோலினோன். 2019-ல் பாராபெனைத் தேர்ந்தெடுத்து, இது ஒவ்வாமை தராதது என்று அறிவித்தார்கள். பூசிக் கழுவாமல் விடும் பொருட்களில் என்னைப் படுத்திய அந்த ரசாயனத்தைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் விதி போட்டது. பாட்டிலின் முன்பக்கத்தை நம்பி வாங்கியதற்கு நான் ஆறு மாதம் அவதிப்பட்டேன்.

செம்பருத்தி:
வலசை, உங்களுக்கு நடந்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் கயல் கேட்டது இரண்டு வயதுக் குழந்தைக்கு. டென்மார்க் 2011-லேயே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருட்களில் ப்ரொப்பைல்பாராபெனையும் பியூட்டைல்பாராபெனையும் தடை செய்தது. 2014-ல் ஐரோப்பிய ஒன்றியமும் அதே வயதுக் குழந்தைகளின் டயப்பர் பகுதியில் பூசுபவற்றில் அந்த இரண்டையும் விலக்கியது. கயலின் முதல் பாட்டிலில் ப்ரொப்பைல்பாராபென் இருக்கிறதே. இதற்கு என்ன பதில் பாண்டி_லேப்?

பாண்டி_லேப்:
சரியான கேள்வி. மீத்தைல்பாராபெனும் ப்ரொப்பைல்பாராபெனும் ஒன்றில்லை, நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். மீத்தைலுக்கு அந்தத் தடை கிடையாது. ப்ரொப்பைல் விஷயத்தில், அதுவும் தோல் கிழிந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கு, நீங்கள் சொல்லும் எச்சரிக்கையை ஏற்கிறேன்.

ஆனால் அதே தராசில் இரண்டாவது பாட்டிலையும் வையுங்கள். அதில் பாராபெனுக்குப் பதிலாக ப்ரிசர்வேட்டிவாக இருக்கும் ஃபீனாக்ஸிஎத்தனாலும் வேண்டாம் என்று 2012-ல் பிரான்ஸின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் டயப்பர் பகுதிக்கு. பிறகு ஐரோப்பிய அறிவியல் குழு 1 சதவீதம் வரை பாதுகாப்பானது என்றது. ஆக இரண்டு பாட்டிலுக்கும் ஏறக்குறைய ஒரே கதை. 640 ரூபாய் அதை மாற்றவில்லை.

பாதாம் படத்துக்கும் வருகிறேன். நம் நாட்டு விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்த வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு உச்சவரம்பே 1 சதவீதம். அப்படியானால் அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. கயலின் இரண்டாவது பாட்டிலில் பாதாம் எண்ணெயும் கற்றாழையும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அதில் வறட்சிக்கு உண்மையில் வேலை செய்வது கிளிசரின், தண்ணீரைத் தோலில் பிடித்து வைக்கும். முதல் பாட்டிலில் கிளிசரினும் இருக்கிறது, அந்த ஈரம் ஆவியாகாமல் மேலே மூடுகிற மினரல் ஆயிலும் பெட்ரோலாட்டமும் (பெட்ரோலியம் ஜெல்லி) முன்வரிசையில் இருக்கின்றன. வறட்சிக்கு மட்டும் என்றால் மலிவானதுதான் கெட்டி.

வலசை:
இரண்டிலும் கடைசியில் பார்ஃப்யூம் இருப்பதை யாரும் பேசவில்லையே. அந்த ஒரு சொல்லுக்குள் பத்து இருபது வாசனைப் பொருள் இருக்கலாம், பெயர் தெரியாது. ஒவ்வாமைக்கு ப்ரிசர்வேட்டிவ் அளவுக்கு அதுவும் காரணம். அப்புறம் கயல், முழங்கை மடிப்பு, கன்னம், ராத்திரிச் சொறி என்றால் கரப்பான் (எக்ஸிமா) மாதிரித் தெரிகிறது. தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

செம்பருத்தி:
அப்படியானால் இரண்டுமே வேண்டாம். தண்ணீர் இருந்தால்தானே ப்ரிசர்வேட்டிவ்? சுத்தமான தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

பாண்டி_லேப்:
இதில் முழுக்க உங்கள் பக்கம். 2014-ல் வெளியான ஒரு ஆய்வில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளுக்கு 8 வாரம் பூசிப் பார்த்தபோது, மினரல் ஆயிலைவிட விர்ஜின் தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்தது. சூடாக்காமல் பிழிந்த, வாசனை சேர்க்காத எண்ணெயாக வாங்குங்கள். குளிப்பாட்டித் துடைத்த மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள். எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாசனை இல்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. அதிலும் தண்ணீர் இல்லை.

கயல்_மதுரை:
மூன்று பேருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், இரண்டு பாட்டிலையும் கையோடு எடுத்துப் போகிறேன். அதுவரை எண்ணெய்தான், முதலில் முழங்கைக்குக் கீழே கொஞ்சமாகப் பூசிப் பார்க்கிறேன். 190 ரூபாய் லோஷனை என் கால் வெடிப்புக்கு வைத்துக்கொள்கிறேன்.

செம்பருத்தி:
உங்கள் காலுக்கும் வேண்டாம் என்பேன்.

பாண்டி_லேப்:
காலுக்குத் தாராளமாகப் பூசுங்கள் கயல்.