ஜதுராவில் இரவு நிறம்: படங்களும் சேர்ந்து மாறுகின்றன, என்ன செய்யலாம்?

வணக்கம். நினைவகம் குறைவான பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. பெரிய பிடிஎஃப் வாசிப்பான்களைத் திறந்தாலே அதற்கு மூச்சு வாங்குகிறது. அதனால் ஜதுரா (Zathura) என்ற இலகுவான பிடிஎஃப் வாசிப்பானை நிறுவினேன், கூடவே அதில் பிடிஎஃப் திறக்க உதவும் பாப்ளர் செருகுநிரலும் வந்தது. ஜே, கே விசைகளில் நகர்வது, டேப் அடித்தால் பொருளடக்கம் விரிவது எல்லாம் அருமை. லேடெக் (ஆவணங்களை அச்சமைக்கும் மென்பொருள்) கோப்பை மறுபடி பிடிஎஃபாகத் தொகுத்தால் திறந்திருக்கும் பக்கம் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. இதற்காகவே வைத்துக்கொள்ளலாம்!

சிக்கல் நிறத்தில். கண்ட்ரோல்-ஆர் அடித்தால் பின்னணி கருப்பாகி எழுத்து வெளுக்கிறது, சரி. ஆனால் புகைப்படங்களும் பழைய நெகட்டிவ் மாதிரி ஆகிவிடுகின்றன. வரைபடங்களில் சிவப்புக் கோடு எது, பச்சைக் கோடு எது என்றே தெரிவதில்லை. ஜதுராவின் அமைப்புக் கோப்பான ஜதுராஆர்சியில், நிறச் சாயலை மாற்றாமல் வைக்கும் ரீகலர்-கீப்ஹியூ என்பதை ட்ரூ ஆக்கினேன். கோடுகளின் நிறம் திரும்பிவிட்டது. புகைப்படங்களில் வெளிச்சமும் இருட்டும் இன்னும் தலைகீழ்தான்.

படங்களை விட்டுவிட்டு எழுத்தையும் பின்னணியையும் மட்டும் மாற்ற அமைப்பு ஏதாவது உண்டா? பாப்ளருக்குப் பதில் மியூபிடிஎஃப் செருகுநிரல் போட்டால் இதில் வித்தியாசம் தெரியுமா? இரண்டும் ஒன்றாக இருந்தால் மோதிக்கொள்ளுமா?

அப்புறம் இன்னொன்று. மவுஸால் தேர்ந்தெடுத்த வரி, நடு பட்டனை அழுத்தினால்தான் மற்ற செயலிகளில் ஒட்டுகிறது, கண்ட்ரோல்-விக்கு வருவதில்லை. திரைக் காட்சிக்கு எக்ஸ்11 அமைப்பைத்தான் பயன்படுத்துகிறேன். உங்கள் ஜதுராஆர்சியில் இதற்கு என்ன வரி வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும்.