‘உண்மை ஆளுக்கு ஆள் மாறும்’ என்கிற பிள்ளைகளுக்கு எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: வாலிபர் கூட்டத்துக்குப் பாடம் தயாரிக்கணும். பைபிள் வசனம் காட்டினால் ‘அது உங்க புத்தகம்’ என்று கல்லூரிப் பிள்ளைகள் முடித்துவிடுகிறார்கள். எங்கே தொடங்கலாம்?

பதில் 1: பிரதர், பைபிளில் அப்போஸ்தலர் 13, 17 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படியுங்கள். பிசிதியா அந்தியோகியா என்ற ஊரில், யூதர்களின் ஜெப ஆலயத்தில், அப்போஸ்தலன் பவுல் அவர்கள் வேதத்திலிருந்தே சங்கீதத்தையும் ஏசாயாவையும் எடுத்துப் பேசுகிறார். அத்தேனேயிலோ (ஏதென்ஸ்), எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற கிரேக்க தத்துவப் பிரிவினர் இருந்த கூட்டத்தில், தீர்க்கதரிசிகள் பெயரே இல்லை. அவர்கள் ஊர் பலிபீடத்தையும் (17:23), அவர்கள் புலவன் வரியையும் (17:28) எடுத்துப் பேசுகிறார். அந்தப் புலவன் அராட்டஸ், பவுலின் சொந்த நாடான சிலிசியாவைச் சேர்ந்தவர்தான்! ஆனால் அங்கேயே நிற்காமல் நியாயத்தீர்ப்பு, உயிர்த்தெழுதல் வரை போகிறார். இன்று பலர் கோட்டை விடுவது இங்கேதான். பொதுவான விஷயம் பேசி, கைகுலுக்கி, கலைந்துவிடுகிறார்கள்.

பதில் 2: முதல் பத்து நிமிடம் பிள்ளைகளைப் பேச விடுங்கள். பிறகு ஒரே கேள்வி: ‘லஞ்சம் வாங்குபவருக்கு அது சரியென்று பட்டால், சரியாகிவிடுமா?’ பெரும்பாலோர் ‘இல்லை’ என்பார்கள். ‘ஏன்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பலர் சொல்ல வருவது ‘எல்லாரையும் மதிக்கணும்’ என்பதுதான். அதை ஒத்துக்கொண்டு, மதிப்பது வேறு, சரியென்று ஏற்பது வேறு என்று பிரித்துக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்: விவாதம் சூடானால்?

பதில் 2: அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். 1 பேதுரு 3:15 பதில் சொல்லச் சொல்கிறது, சாந்தத்தோடு. அத்தேனேயிலும் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொருவேளை கேட்போம் என்றார்கள், சிலர்தான் விசுவாசித்தார்கள்.