கேம் கியர் கெப்பாசிட்டரைத் திருகி எடுக்கச் சொல்பவர்கள் கவனத்திற்கு

செந்தூல் ஈயக்காரன்:
நேற்று ஒருவர் இங்கே, செகாவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் கியரின் திரை மங்கலுக்கு வைத்தியம் எழுதியிருந்தார். "பழைய கெப்பாசிட்டரைப் பிளையரால் பிடித்துத் திருகினால் கையோடு வந்துவிடும், சூடே வைக்க வேண்டாம்" என்று. அதற்கு வரிசையாக லைக் வேறு. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செகா அந்தக் கருவியை ஜப்பானில் விற்கத் தொடங்கியது 1990இல். உள்ளே இருக்கும் சர்ஃபேஸ் மவுண்ட் (போர்டின் மேல்பரப்பிலேயே பற்றவைத்த) கெப்பாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளைகள், எல்லாம் கசிந்து முடிந்த கிழங்கள். கசிந்த திரவம் செம்புத் தடத்தை அரித்து, பேட், அதாவது கெப்பாசிட்டரின் கால் உட்காரும் செம்புத் திட்டு, போர்டோடு ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கும். அதன்மேல் பிளையரைப் போட்டுத் திருகினால் கெப்பாசிட்டரோடு பேடும் சேர்ந்து வரும். தெரியாத பிள்ளைகள் படித்துவிட்டு அப்படியே செய்வார்கள், அந்தப் போர்டை அப்புறம் யார் காப்பாற்றுவது?

பட்டர்வொர்த் மணியம்:
சொன்னது நான்தான், தம்பி. "ஒருவர்" என்று ஒளித்துச் சொல்வானேன்? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் போர்டு பழுதுபார்க்கும் வரிசையில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கியவன் நான். மேலிருந்து லேசாக அழுத்திக்கொண்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்ட வேண்டும். காலின் உலோகம் களைத்துத் தானே முறியும். பேடுக்கு விசை போகாது. மேலே இழுக்கிறவன்தான் பேடைக் கிளப்புகிறான். நான் இழுக்கச் சொல்லவே இல்லை.

செந்தூல் ஈயக்காரன்:
அண்ணே, நீங்கள் எழுதியது "திருகினால்". இப்போது "ஆட்ட வேண்டும்" என்கிறீர்கள். எதுவாக இருந்தாலும் விசை எங்கே போகும்? கால் பேடில் ஒட்டியிருக்கிறது, பேட் பசையால் போர்டில் ஒட்டியிருக்கிறது, அந்தப் பசைதான் இருப்பதிலேயே பலவீனம். சாதாரண 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியில் உருகிவிடும். ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் களிம்பைத் தடவி, இரண்டு காலிலும் புது ஈயம் வைத்து, மாற்றி மாற்றிச் சூடு காட்டினால் அதுவாகவே நகர்ந்து வரும். அவசரக்காரர்களுக்குப் பிஸ்மத் கலந்த ஈயம் இருக்கிறது, அது இன்னும் குறைந்த சூட்டில் இளகி, இரண்டு காலையும் ஒரே நேரத்தில் விட்டுவிடும். பிளையர் எதற்கு?

பட்டர்வொர்த் மணியம்:
சூடு பட்டால் அந்தப் பசை பலப்படுமா? ஏற்கெனவே அரித்த பேடில் 350 டிகிரியில் பற்றவைக்கும் அயர்ன் முனையை வைத்து நோண்டினால் அதுவும் கிளம்பத்தான் செய்யும். சூட்டில் எடுப்பவர்கள் கிளப்பிய பேடுகளை நானும் பார்த்திருக்கிறேன்.

இரட்டைச்சடை:
அண்ணன்மார்களே, நடுவில் ஒரு கேள்வி. லோரோங் கூலிட் சந்தையில் ஒரு கேம் கியர் வாங்கினேன். ஆறு பேட்டரி போட்டால் விளக்கு எரிகிறது, ஆனால் படம் நேராகப் பார்த்தால் தெரியவில்லை. கருவியைச் சாய்த்து ஓரத்திலிருந்து பார்த்தால் மட்டும் நிழல்போல ஓடுகிறது. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. திரை போய்விட்டதா?

பட்டர்வொர்த் மணியம்:
திரை போகவில்லை, அம்மா. அது கெப்பாசிட்டர் கோளாறுதான், அச்சடித்த மாதிரி அதே அறிகுறி. உள்ளே மூன்று போர்டு இருக்கும். மெயின் போர்டு, பவர் போர்டு, சத்தத்துக்கான சின்ன போர்டு. மூன்றிலும் மாற்றுங்கள், படமும் வரும், சத்தமும் வரும். மாற்றும் முன்னால் பழையதைத் திருகி எடுக்க...

செந்தூல் ஈயக்காரன்:
பார்த்தீர்களா, முதல் தடவை போர்டைத் திறக்கப் போகிற ஒரு பெண்ணிடமும் அதையே சொல்கிறார்! தங்கச்சி, பிளையரைத் தொடாதே. மற்றபடி அவர் சொன்ன மூன்று போர்டு விஷயம் சரி. மூடியில் ஒரு திருகாணி மட்டும் வேறு தினுசாக இருக்கும், அதற்கு 4.5 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனித் திருப்புளி முனை வேண்டும். அயர்ன் பட்டதும் மீன் வாடை அடித்தால் பயப்படாதே, கசிந்த திரவம் அப்படித்தான் நாறும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய். பழுப்பேறிய இடத்தைப் பழைய பல்துலக்கியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்.

ஜெலுத்தோங் ராஜா:
எல்லாம் அந்த 2000ஆம் வருட வாக்கில் வந்த மட்டமான கெப்பாசிட்டர் விவகாரம்தானே? கம்ப்யூட்டர் மதர்போர்டு எல்லாம் உப்பி வெடித்ததே. அதே சரக்குதான் இதிலும்.

செந்தூல் ஈயக்காரன்:
இல்லை ராஜா. அந்த விவகாரம் 1999க்குப் பிறகு. கேம் கியர் கடையை விட்டே போனது 1997இல். பிறகு வந்த நோய் முன்னால் செய்த கருவிக்கு எப்படி ஒட்டும்? 80களின் கடைசியில் சில கெப்பாசிட்டர்களில் குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு கலந்த திரவத்தைப் போட்டார்கள். அது நாளாக நாளாக அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பைத் தின்றுவிட்டு வெளியே வந்தது. அந்தக் காலத்து வீடியோ கேமரா, மெக்கின்டோஷ் கம்ப்யூட்டர் எல்லாம் இதே கதிக்கு ஆளானவைதான். கசிவு காரத்தன்மை உள்ளது, அதனால்தான் பேட் அரிக்கிறது, அதனால்தான் திருகக் கூடாது என்று தலையால் அடித்துக்கொள்கிறேன்.

ஜெலுத்தோங் ராஜா:
காரம் என்றால் அமிலமான வினிகரை ஊற்றினால் சரியாகிவிடுமே. ஆல்கஹால் எதற்கு?

பட்டர்வொர்த் மணியம்:
ராஜா கேட்பது நியாயம். முதலில் வினிகரைக் கொஞ்சமாகத் தொட்டுத் துடைக்கலாம், அப்புறம் ஆல்கஹால். ஈயக்காரர் பாதியைத்தான் சொல்வார்.

செந்தூல் ஈயக்காரன்:
வினிகரை விட்டுவிட்டுச் சரியாகக் கழுவாத போர்டு நம் ஊர் ஈரக்காற்றில் என்ன ஆகும் தெரியுமா? மறுபடியும் பச்சை பூத்துப்போய் வரும். நான் பாதியைச் சொல்லவில்லை, தேவையில்லாததை விட்டேன். அது இருக்கட்டும், பேட் கிளம்பினால் என்ன செய்வது என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லையே?

பட்டர்வொர்த் மணியம்:
கிளம்பாது என்கிறேன், கிளம்பினால் என்ன என்று கேட்கிறாய். வியாவிலிருந்து, அதாவது போர்டின் அடுக்குகளை இணைக்கும் செம்புத் துளையிலிருந்து, கம்பி இழுப்பேன்.

செந்தூல் ஈயக்காரன்:
அதைத்தான் நான் வாரக்கடைசி முழுக்கச் செய்துகொண்டிருக்கிறேன்! யாரோ திருகிய போர்டுகள்தான் என் மேசைக்கு வருகின்றன. பேட் இருந்த இடத்தில் வெறும் பழுப்பு நிறப் போர்டு, ஓரத்தில் தடத்தின் நுனி முடிபோல நீட்டிக்கொண்டு நிற்கும். பச்சைப் பூச்சைப் பிளேடு நுனியால் சுரண்டி, செம்பு மினுங்கும் வரை தேய்த்து, மெல்லிய எனாமல் கம்பியின் ஒரு முனையை அங்கே பற்றவைத்து, மறு முனையைக் கெப்பாசிட்டர் காலுக்குக் கொண்டுபோய், மல்ட்டிமீட்டரில் பீப் சத்தம் கேட்டு உறுதி செய்து, கம்பி ஆடாமல் பசை வைத்து ஒட்ட வேண்டும். லென்ஸ் இல்லாமல் நடக்கிற வேலையில்லை. இத்தனையும் யாரோ ஒருவர் அயர்னைச் சூடாக்கச் சோம்பல்பட்டதால்.

புடுவாசி:
ரெண்டு பேரும் எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறீர்கள்? புதுத் திரை கிட் ஒன்றை வாங்கிப் போட்டால் முடிந்தது. பழைய குழல்விளக்கும் போகும், பேட்டரியும் நின்று பேசும், படமும் கண்ணாடி மாதிரி இருக்கும்.

பட்டர்வொர்த் மணியம்:
அந்தத் திரையைத் தூக்கிப் போட்டுவிட்டால் அப்புறம் அது என்ன கேம் கியர்? மங்கலோ கலங்கலோ, அதுதான் அதன் முகம்.

செந்தூல் ஈயக்காரன்:
இதில் மட்டும் மணியம் அண்ணன் பக்கம். ஆனால் புடுவாசி, கிட் போட்டாலும் சத்தப் போர்டும் பவர் போர்டும் பழசுதானே? அங்கேயும் கெப்பாசிட்டர் மாற்றத்தான் வேண்டும். கிட் போட்டுவிட்டுச் சத்தம் வரவில்லை என்று புலம்பியவர்களில் நீங்களும் ஒருவர் என்று ஞாபகம்.

புடுவாசி:
அது கிட்டின் குறையில்லை. டான்டலம் என்ற உலோகத்தில் செய்த கெப்பாசிட்டரைப் போட்டுக் கொடுத்த கடைக்காரன் தலைகீழாக வைத்துவிட்டான், பட்டென்று புகைந்தது. மேலே போட்டிருக்கும் கோட்டைப் பார்த்துத்தான் வைத்தேன் என்று அவன் சத்தியம் செய்கிறான்.

செந்தூல் ஈயக்காரன்:
கோட்டைப் பார்த்து வைத்ததால்தான் புகைந்தது. அலுமினியக் கெப்பாசிட்டரில் தலையில் இருக்கும் கறுப்புப் பட்டை நெகட்டிவ். சர்ஃபேஸ் மவுண்ட் டான்டலத்தில் இருக்கும் கோடு பாசிட்டிவ். இது தெரியாமல் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் கருவியில் கை வைப்பது பாவம். இரட்டைச்சடை, இதைக் குறித்துக்கொள். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கெப்பாசிட்டர் வாங்கும்போது அலுமினியமா டான்டலமா என்று கேட்டு வாங்கு.

இரட்டைச்சடை:
நான் பினாங்கில் இருக்கிறேன், அண்ணே. மணியம் ஐயா, மேலே அழுத்திக்கொண்டு ஆட்டுவதும் வெறுமனே திருகுவதும் வேறு வேறுதானே? நீங்கள் ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறீர்களா?

பட்டர்வொர்த் மணியம்:
செந்தூல்காரர் எப்போதும் இப்படித்தான். போன வருடம் என்னிடம் வாங்கிய அட்டாரி லிங்ஸ் விளையாட்டுக் கருவியையும் "பேட் கிளம்பியிருக்கிறது" என்று இங்கே எழுதி என் பெயரைக் கெடுத்தார். நான் கொடுக்கும்போது அது ஓடியது.

செந்தூல் ஈயக்காரன்:
ஓடியது, ஒரு வாரம். திறந்து பார்த்தால் பவர் பகுதியில் கால் முறிந்த தழும்பு, பக்கத்தில் பிளையர் பல் பட்ட கீறல். படம் எடுத்துப் போட்டேன், இன்னும் இங்கேதான் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, கம்பி இழுத்து நானே சரி செய்து வைத்திருக்கிறேன்.

பட்டர்வொர்த் மணியம்:
அந்தக் கீறல் எனக்கு முன்னால் வைத்திருந்தவன் போட்டது.

ஜெலுத்தோங் ராஜா:
லிங்ஸ் விற்பதாக இருந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன், எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்)?

செந்தூல் ஈயக்காரன்:
விற்கவில்லை. மணியம் அண்ணே, முன்னால் வைத்திருந்தவர் திருகினார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவர் திருகியபோது பேட் கிளம்பியதா இல்லையா?

பட்டர்வொர்த் மணியம்:
அவனுக்கு ஆட்டத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அடுத்த மாதம் கோலாலம்பூருக்கு மகள் வீட்டுக்கு வருகிறேன், ஒரு செத்த போர்டை எடுத்து வை, உன் கண் முன்னாலேயே எடுத்துக் காட்டுகிறேன்.

செந்தூல் ஈயக்காரன்:
செத்த போர்டு எதற்கு? உங்கள் சொந்தக் கேம் கியரைக் கொண்டுவாருங்கள்.