மாத அறிக்கைக்குப் பின்னால் நடக்கும் வேலை: துறைவாரியாகக் களத்தில் கண்டவை

அலுவலக ஒருங்கிணைப்பு

ஒவ்வொரு மாதமும் நம் நகர நிர்வாகத்தின் எல்லாத் துறையிலிருந்தும் அறிக்கையாக ஒரு பக்கம் வருகிறது. இத்தனை புகார் தீர்ந்தது, இத்தனை குழி அடைத்தாயிற்று, இத்தனை மீட்டர் வடிகால் தூர்வாரியாயிற்று என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஆனாலும் அதே தெருவிலிருந்து அதே புகார் மூன்றாவது மாதமும் வருகிறது. சின்ன நகரத்தில் ஆள் கொஞ்சம், வண்டி ஒன்றிரண்டு. செய்த வேலையையே திரும்பச் செய்ய நமக்குக் கட்டுப்படியாகாது. களத்தில் இருப்பவர்கள் எழுதுங்கள்: உங்கள் மாத வேலையில் எது நிற்கிறது, எது நிற்பதில்லை, ஏன்? அளவோடு எழுதினால் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அப்படியே உதவும்.

குடிநீர்ப் பிரிவு

குழாய் கழுவுவதிலிருந்து தொடங்குகிறேன். 'இந்த மாதம் 12 இடங்களில் கழுவப்பட்டது' என்று அறிக்கையில் ஒரு வரி போகும். ஹைட்ரண்டை (தெருக் குழாயில் தீயணைப்புக்காக வைத்த பெரிய திறப்பை) திறந்து தண்ணீர் தெளியும்வரை ஓடவிடுவதைத்தான் பல இடங்களில் கழுவுவது என்கிறார்கள். அதில் மேலாக மிதக்கும் கலங்கல் போகும், அடியில் படிந்த துருவும் மண்ணும் அசையாது. அது கிளம்ப வேண்டுமானால் குழாய்க்குள் நீர் வினாடிக்குச் சுமார் 1.5 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 100 மி.மீ. குழாயில் அதற்கு வினாடிக்கு 12 லிட்டர் தேவை, 150 மி.மீ. என்றால் 26 முதல் 27 லிட்டர், 200 மி.மீ. என்றால் 47 லிட்டர்.

எல்லா வால்வும் திறந்திருக்கும்போது ஹைட்ரண்டுக்கு நாலா பக்கமிருந்தும் தண்ணீர் வந்து சேரும். எந்த ஒரு குழாயிலும் இந்த வேகம் கிடைக்காது. ஆகவே பக்க வால்வுகளை மூடி, ஒரு திசையிலிருந்து மட்டும் வரும்படி செய்ய வேண்டும். தொட்டியிலிருந்து வெளிப்புறமாக, பெரிய குழாயிலிருந்து சின்னதுக்கு என்பதுதான் வரிசை. கழுவிய குழாயின் தண்ணீரால்தான் அடுத்த குழாயைக் கழுவ வேண்டும். வரிசை மாறினால் அழுக்கு ஏற்கெனவே கழுவிய தெருவுக்கே போய்ச் சேரும்.

எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 150 மி.மீ. குழாய் 300 மீட்டர் நீளத்தில் சுமார் 5,300 லிட்டர் பிடிக்கும். வினாடிக்கு 26.5 லிட்டர் என்றால் 200 வினாடியில் ஒருமுறை முழுவதும் மாறிவிடும். மூன்று முறை மாறட்டும் என்று வைத்தால் 10 நிமிடம். அதற்குப் பிறகும் கலங்கல் நிற்கவில்லையா? எங்கோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை, வேறு பக்கத்து நீர் உள்ளே வருகிறது என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும். கழுவும்போது சுற்றுத் தெருக்களில் அழுத்தம் 1.4 பாருக்குக் கீழே இறங்கவே கூடாது. இறங்கினால் வீட்டு இணைப்புகளில் உள்ள அசுத்தம் பின்னோக்கி இழுக்கப்படும். ஹைட்ரண்டை மெதுவாகத் திறந்து, அதைவிட மெதுவாக மூடுங்கள். சட்டென்று மூடினால் ஓடும் நீர் திடீரென நின்று குழாயை அறையும், அந்த அதிர்ச்சியில் பழைய இணைப்பு தெறிக்கும். வெளியேறும் நீர் குளத்துக்கோ ஓடைக்கோ போகிறதென்றால் சோடியம் தயோசல்பேட் போட்டுக் குளோரினை முறித்த பிறகே விட வேண்டும். இல்லாவிட்டால் மீன் செத்து மிதக்கும்.

அடுத்தது வால்வு. கேட் வால்வுக்கு (உள்ளே ஒரு தகடு இறங்கிக் குழாயை மூடும் வகை) ஒரு கைக்கணக்கு உண்டு: அங்குல அளவை மூன்றால் பெருக்கி இரண்டு கூட்டினால் முழுதாக மூடத் தேவையான சுற்றுகள் தோராயமாக வரும். 6 அங்குல வால்வுக்கு 20 சுற்று. 12 சுற்றிலேயே இறுகினால் எல்லாம் சரி என்று விட்டுவிடாதீர்கள். ஒன்று, அது ஏற்கெனவே பாதி மூடிக் கிடந்திருக்கிறது. அல்லது தகடு வந்து உட்காரும் இடத்தில் மண் அடைத்திருக்கிறது. மண் என்றால் பலம் கொடுத்துத் திருகக் கூடாது. ஐந்து சுற்று மூடி, இரண்டு சுற்றுத் திறந்து, ஓடும் நீர் மண்ணைக் கழுவ விட்டு, மறுபடி மூட வேண்டும். முழுதாகத் திறந்த பிறகு கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். அடுத்த முறை வருபவருக்குக் கம்பி இறுகியிருக்காது.

'தண்ணீர் அழுத்தமே இல்லை' என்ற புகார்களில் திரும்பத் திரும்பக் காண்பது பழுது பார்த்த பின் திறக்க மறந்த வால்வு. உடைப்புக்காக மூன்றை மூடுவார்கள், வேலை முடிந்து இருட்டில் இரண்டைத் திறப்பார்கள். அந்தத் தெருவுக்கு வேறு வழியிலும் தண்ணீர் வருவதால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கோடையிலோ தீ விபத்தின்போதோதான் வெளிப்படும். ஆகவே பழுது அட்டையில் மூடிய வால்வு எண், சுற்று எண்ணிக்கை, திறந்த நேரம், திறந்தவர் கையெழுத்து என்று நான்கு கட்டம் இருந்தே தீர வேண்டும்.

சாலைப் பிரிவு

குழி அடைப்பதில் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கலவையின் எடையைப் பாருங்கள். 60 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம், 7 செ.மீ. ஆழம் உள்ள குழிக்குக் கன அளவு 0.0336 கன மீட்டர். இறுக்கிய தார்க்கலவை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,300 கிலோ. ஆக 77 கிலோ வேண்டும், சேதாரம் சேர்த்து 85. மாதம் 120 குழி அடைத்ததாகவும் இரண்டரை டன் கலவை செலவானதாகவும் கணக்கு வந்தால் குழிக்குச் சராசரி 21 கிலோ. அப்படியானால் விளிம்பை வெட்டவில்லை, பள்ளத்தின் மேல் கொட்டித் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் நல்ல மழையோடு அது போய்விடும்.

நிற்கும் அடைப்புக்கு முறை இது. குழியைச் சுற்றி உறுதியான பரப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று வெளியே சதுரமாகக் கோடு போட்டு, சுவர் செங்குத்தாக நிற்கும்படி வெட்ட வேண்டும். சரிவான விளிம்பில் கலவை மெலிந்து போகும், அங்கிருந்துதான் உதிரத் தொடங்கும். தண்ணீரையும் தூசியையும் முழுவதும் எடுத்த பிறகு அடியிலும் சுவரிலும் எமல்ஷனை (தாரைத் தண்ணீரில் கலந்த குழம்பை) மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். பூசும்போது அது பழுப்பாக இருக்கும், கறுப்பாக மாறும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பழுப்பாக இருக்கும்போதே கலவையைக் கொட்டினால் எமல்ஷனில் இருக்கும் தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், ஒட்டாது. 5 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு இறுக்கி, சாலை மட்டத்தைவிட அரை சென்டிமீட்டர் மேலே முடிக்க வேண்டும். வண்டி ஓடி அது அமர்ந்துகொள்ளும். சூடான கலவை 85 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. வண்டியில் கடைசியாக மிஞ்சும் கலவையால் அடைத்த குழிகள்தான் முதலில் போகின்றன. தார்ப்பாயால் மூடிக் கொண்டுவருவதும், குறைந்த தொலைவில் உள்ள குழிகளை ஒரே நாளில் வரிசைப்படுத்துவதும் இதற்காகத்தான்.

குடிநீர்ப் பிரிவு சாருக்கு ஒரு வேண்டுகோள். குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை 15 செ.மீ. அடுக்காக இறுக்கி மூடச் சொல்லுங்கள். மொத்தமாகத் தள்ளி, மேலே மட்டும் தட்டினால் இரண்டு மாதத்தில் உட்காரும். அந்தப் புகார் எங்கள் கணக்கில் விழுகிறது.

குடிநீர்ப் பிரிவு

சரியான வேண்டுகோள்தான். எங்கள் தரப்பிலும் ஒன்று: புதுச் சாலை போடும் பட்டியலை மூன்று மாதம் முன்னதாகக் கொடுங்கள். அந்தத் தெருவின் பழைய இணைப்புகளையும் சொட்டும் வால்வுகளையும் முதலில் மாற்றிவிடலாம். வால்வு மூடிகளைச் சாலை மட்டத்துக்கு உயர்த்தாமல் மேலே தார் போட்டுவிட்டால், அவசரத்தில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு தெருவெல்லாம் தேட வேண்டியிருக்கிறது.

கழிவுநீர்ப் பிரிவு

'அடைப்பு நீக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினால் அடுத்த மாதமும் அதே வரிதான் வரும். எந்த மேன்ஹோலிலிருந்து எத்தனையாவது மீட்டரில் ஜெட்டின் (அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சி அடைப்பு நீக்கும் கருவியின்) ஹோஸ் தட்டியது, முனையோடு என்ன வந்தது என்ற இரண்டையும் எழுதுங்கள். வெள்ளையாகக் கட்டி கட்டியாக வந்தால் கொழுப்பு. மேலே எங்கோ சமையற்கூடத்தில் எண்ணெய்த் தடுப்புத் தொட்டி நிரம்பிக் கிடக்கிறது. முடி போன்ற வேர் வந்தால் அது இணைப்பு வழியே நுழைந்திருக்கிறது, வேர் வெட்டும் முனை போட வேண்டும். மண்ணும் சரளையும் வந்தால் குழாயே உடைந்திருக்கிறது. அன்றைக்கே சாலைப் பிரிவுக்குச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மேலே சாலைக்கடியில் மண் கரைந்து வெற்றிடம் உண்டாகிக்கொண்டிருக்கிறது. தொடர்ந்து மூன்று மாதம் 38வது மீட்டரிலேயே தட்டினால் ஜெட் அடித்துக்கொண்டே இருப்பதில் பொருளில்லை. கேமரா விட்டுப் பார்த்து, அந்தத் துண்டை மாற்றும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

ஜெட் எப்போதும் கீழ் மேன்ஹோலிலிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும். முனையின் பின்பக்கத் தாரைகள்தான் அதை முன்னே தள்ளுகின்றன, திரும்ப இழுக்கும்போது கழிவைக் கீழே கொண்டுவருகின்றன. வந்த கழிவை அங்கேயே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அடைப்பு அடுத்த தெருவுக்கு இடம் மாறும், அறிக்கையில் இரண்டு அடைப்பு நீக்கியதாகக் கணக்கேறும்.

ஆள் உள்ளே இறங்கும் பேச்சே வேண்டாம். மூடியைத் திறந்து வேலை பார்ப்பவர்களுக்கும் வாயுமானி கட்டாயம். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தொட்டாலோ விலகி நிற்க வேண்டும். 'நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை' என்பது உயிரைக் குடிக்கும் நம்பிக்கை. ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவுக்கு ஏறும்போது மூக்கின் மோப்ப நரம்பு மரத்துவிடும். நாற்றம் மறைவதே ஆபத்து கூடியதன் அடையாளமாக இருக்கலாம்.

தெருவிளக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். புகாரை அழைப்பால் எண்ணாமல் கம்ப எண்ணால் எண்ணுங்கள். ஒரு கம்பத்துக்கு ஐந்து பேர் கூப்பிட்டால் ஐந்து பழுது இல்லை. வரிசையாக எட்டு விளக்கு அணைந்தால் விளக்கைக் கழற்றாதீர்கள், ஃபியூஸையும் காண்டாக்டரையும் (வரிசை முழுவதையும் ஒன்றாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சை) பாருங்கள். பகலில் எரியும் விளக்குக்குப் பெரும்பாலும் ஒளியுணரிதான் (வெளிச்சத்தைப் பார்த்து விளக்கைத் தானே போட்டு அணைக்கும் கருவிதான்) காரணம், கெட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்படிதான் அதைப் பொதுவாக அமைப்பார்கள். அதைக் கையால் மூடிச் சோதிக்கும்போது ஒரு நிமிடமாவது காத்திருங்கள். மின்னலுக்கும் மேகத்துக்கும் மாறாமலிருக்க அதில் தாமதம் வைத்திருப்பார்கள். உடனே மாறவில்லை என்று நல்ல உணரியைத் தூக்கி எறிவது நிறைய நடக்கிறது.

கணக்குப் பிரிவு

குடிநீர் இழப்பு ஒரு மாதம் 18 சதவீதம், அடுத்த மாதம் 27 என்று குதித்தால் கசிவைத் தேடுமுன் தேதியைப் பாருங்கள். உற்பத்தி 1ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை, மீட்டர் வாசிப்பு 20இலிருந்து 20 வரை என்றால் இரண்டும் ஒரே காலத்தைக் காட்டவில்லை. வெயில் ஏறும் மாதத்தில் இழப்பு கூடியதுபோலத் தெரியும், குளிரில் குறைந்ததுபோலத் தெரியும். சாதாரண ஆண்டில் பிப்ரவரியைவிட மார்ச்சில் நாட்கள் மட்டுமே பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல். ஆகவே எதையும் நாளொன்றுக்கு எவ்வளவு என்று மாற்றி, பன்னிரண்டு மாதச் சராசரியோடு வைத்துப் பார்க்க வேண்டும். உண்மைக் கசிவுக்கு நம்பகமான அளவு, ஊர் தூங்கும் அதிகாலை 2 முதல் 4 மணிக்குள் தொட்டியிலிருந்து வெளியேறும் நீர்தான்.

புகார்க் கணக்கு எல்லாத் துறைக்கும் ஒரே வடிவில் வேண்டும்: முந்தைய மாத நிலுவை, புதிதாக வந்தவை, முடித்தவை, இம்மாத நிலுவை. முதல் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் நான்காவது வர வேண்டும். வராவிட்டால் எங்கோ புகார் தொலைந்திருக்கிறது. நிலுவையில் 30 நாளைக் கடந்தவற்றைத் தனியாகக் காரணத்தோடு காட்டுங்கள். 'உதிரிபாகம் வரவில்லை' என்றால் எந்த உதிரிபாகம், ஆர்டர் போட்ட தேதி என்ன?

திட்ட வேலைகளில் செலவு சதவீதமும் முடிந்த வேலையின் சதவீதமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கட்டும். பணம் 70, வேலை 45 என்றால் அடுத்த பில்லுக்கு முன் அளவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். ஆர்டர் கொடுத்து, பில் இன்னும் வராத தொகையையும் கழித்தே கையிருப்பைக் காட்டுங்கள்.

பூங்காப் பிரிவு

விளையாட்டுத் திடலில் மாதம் ஒருமுறை விழுந்தால் அடிபடாமலிருக்கப் போட்ட மரச்சீவலின் ஆழத்தைக் கம்பியால் குத்தி அளக்க வேண்டும். மரச்சீவல் 30 செ.மீ. போட்டால் அமர்ந்து 23 செ.மீ. அளவுக்கு வரும், அதற்குக் கீழே போகக் கூடாது. ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கலின் முடிவிலும் குழந்தைகளின் கால் பட்டுச் சீவல் ஒதுங்கிவிடும். திடல் முழுதும் சரியாக இருந்தாலும் விழும் அந்த இடம் மொட்டைத் தரையாக இருக்கும். அங்கே அளக்காமல் ஓரத்தில் அளப்பதுதான் தவறு. ஊஞ்சல் கொக்கியின் வாய் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருந்தால் இடுக்கியால் மூடுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஆடைக் கயிறு அதில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். கம்பிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடையில் இருந்தால் குழந்தையின் உடல் நுழையும், தலை மாட்டும். அதைக் கண்ட நாளிலேயே கட்டி அடைத்துவிடுங்கள், ஒப்புதல் பிறகு வரட்டும்.

அலுவலக ஒருங்கிணைப்பு

குடிநீர்ப் பிரிவு சார், ஒரு சந்தேகம். சில நாள் தொட்டிக்குப் பக்கத்து மாதிரியில் குளோரின் பூஜ்யம் என்றும், கடைக்கோடித் தெருவில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்றும் பதிவாகியிருக்கிறது. இது எப்படி?

குடிநீர்ப் பிரிவு

நல்ல கேள்வி மேடம். குளோரின் சோதிக்கும் டிபிடி மாத்திரையை மாதிரியில் போட்டால் இளஞ்சிவப்பு வர வேண்டும். குளோரின் மிக அதிகமாக, லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவைத் தாண்டி இருந்தால் அந்த நிறத்தைக் குளோரினே வெளுத்துவிடும். பூஜ்யம் என்று படித்துவிட்டு இன்னும் மருந்தைக் கூட்டினால் விபரீதமாகும். மாத்திரை விழுந்த நொடியில் சிவப்பு மின்னி மறைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மாதிரியில் ஒரு பங்குக்குக் குளோரின் இல்லாத நீர் ஒன்பது பங்கு சேர்த்து மறுபடி சோதித்து, வந்ததைப் பத்தால் பெருக்க வேண்டும். மாதிரி எடுக்குமுன் குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, வெயில் படாமல், அந்த இடத்திலேயே ஒரு நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். குப்பியில் விரல்ரேகை படிந்திருந்தாலும் அளவு மாறும், துடைத்துவிட்டு வையுங்கள். கடைக்கோடியில் குறைந்தது 0.2 இருக்கட்டும். அந்தப் பூஜ்யம் பதிவான நாட்களின் மருந்துப் பம்ப் ஓட்டப் பதிவை அனுப்புங்கள். எந்த நேரத்தில் கூடுதலாக ஓடியது என்று அதிலேயே தெரிந்துவிடும்.