சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்களும் கணக்கு எண்களும் சிதைகின்றன

கேள்வி (குலசேகரம், கொள்முதல் கணக்கர்)

வணக்கம். ரப்பர் பால் கொள்முதல் நிலையம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். திருவட்டாறு, பொன்மனை, அருமனைப் பக்கங்களிலிருந்து பால் கொண்டுவரும் சிறு விவசாயிகளின் உறுப்பினர் எண், பெயர், ஊர், வங்கிக் கணக்கு எண், லிட்டர் ஆகியவை பில் போடும் மென்பொருளிலிருந்து சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய எளிய எழுத்துக் கோப்பு) வருகின்றன. அதை எக்செலில் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய கட்டங்களில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வரிசையாக நிற்கின்றன. 16 இலக்கக் கணக்கு எண் 1.23457ஈ+15 என்று தெரிகிறது. 0127 என்ற உறுப்பினர் எண் 127 ஆகிவிடுகிறது. பட்டுவாடாப் பட்டியலோடு ஒப்பிட வி-லுக்அப் (ஒரு பட்டியலில் உள்ளதை மற்றொன்றில் தேடி எடுக்கும் சூத்திரம்) போட்டால் பலருக்கு #என்/ஏ, அதாவது 'கிடைக்கவில்லை', என்றே வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா? ஒருவருடைய பணம் மற்றொருவர் கணக்குக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பதில் 1 (மார்த்தாண்டம், கணினிப் பயிற்றுநர்)

ஐயா, கோப்பு கெடவில்லை. ஆனால் எக்செலில் திறந்த அதே கோப்பைத் தயவுசெய்து சேமித்துவிடாதீர்கள். சிஎஸ்வி-யாகச் சேமிக்கும்போது கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும் என்பதால், 1.23457ஈ+15 என்பதே கணக்கு எண்ணாகப் பதிந்துவிடும். அதிலிருந்து பழைய எண்ணை யாராலும் மீட்க முடியாது. சேமிக்காவிட்டாலும் 16 இலக்க எண்ணுக்கு ஆபத்து உண்டு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். பதினாறாவது இலக்கத்தை 0 ஆக்கிவிடும். கணக்கு எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ போவதில்லை. ஆகவே அதை எழுத்தாகத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

பெயர்கள் சிதைவதற்குக் காரணம் வேறு. எல்லா மொழி எழுத்துகளையும் பதியும் யூடிஎஃப்-8 என்ற குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது, எக்செல் அதைப் பழைய ஆங்கிலக் குறிமுறை என்று எண்ணி, ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது.

வெற்றுப் பணித்தாளைத் திறந்து, 'டேட்டா' பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்பதைக் கொடுத்ததும் முன்னோட்டத்திலேயே பெயர்கள் தமிழில் தெரியும். அடுத்து 'லோட்' கொடுத்துவிடாமல் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' கொடுத்து, உறுப்பினர் எண், கணக்கு எண் ஆகிய இரண்டு நெடுவரிசைகளை மட்டும் 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றுங்கள். அப்போது ஒரு கேள்வி வரும். அதில் 'ரிப்ளேஸ் கரன்ட்' என்பதையே அழுத்த வேண்டும். மற்றதை அழுத்தினால், முன்னரே எண்ணாக மாறி முன்பூச்சியத்தை இழந்த மதிப்புதான் எழுத்தாகும். லிட்டர் நெடுவரிசையை எண்ணாகவே விடுங்கள். அதையும் எழுத்தாக்கினால் கூட்டுத்தொகை 0 என்று வரும்.

பதில் 2 (நாகர்கோவில், தணிக்கை உதவியாளர்)

வி-லுக்அப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு பட்டியலில் 0127 எழுத்தாகவும் மற்றொன்றில் 127 எண்ணாகவும் இருந்தால் எக்செலுக்கு இரண்டும் வெவ்வேறு. மேலே சொன்னபடி இரண்டு பட்டியல்களையும் எழுத்தாகவே கொண்டுவந்தால் பெரும்பாலான #என்/ஏ மறைந்துவிடும். மிஞ்சுபவற்றில், இணையப் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது ஒட்டிக்கொள்ளும் 160 என்ற குறியீட்டெண் கொண்ட இடைவெளி இருக்கலாம். அதை வழக்கமான இடைவெளிகளை நீக்கும் 'டிரிம்' சூத்திரம் நீக்காது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இடும் 'சப்ஸ்டிட்யூட்' கொண்டு நீக்க வேண்டும்.

#என்/ஏ வந்தாலாவது பிழை என்று தெரிகிறது. வி-லுக்அப்பில் நான்காவது மதிப்பாக 'ஃபால்ஸ்' கொடுக்காமல் விட்டால், எக்செல் தோராயமாகப் பொருத்தி, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அடுத்தவருடைய கணக்கு எண்ணை எடுத்துத் தந்துவிடக்கூடும். நீங்கள் அஞ்சுகிற தவறு அந்த வழியாகத்தான் நுழையும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பெயர்கள் சரியாகிவிட்டன, உறுப்பினர் எண்ணும் பொருந்துகிறது. ஊர்வாரியாகப் பிரிக்கும்போது மட்டும் 'பொன்மனை' இரண்டு தனி ஊர்களாக வருகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

பதில் 3 (மார்த்தாண்டம், கணினிப் பயிற்றுநர்)

இரண்டு கட்டங்களுக்கும், குறியீடுகளை எண்ணிச் சொல்லும் 'லென்' சூத்திரம் போட்டுப் பாருங்கள். ஒன்றில் 7, மற்றொன்றில் 8 என்று வந்தால், 'பொ'வின் உயிர்க்குறி ஓரிடத்தில் ஒரே குறியீடாகவும், மற்றோரிடத்தில் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் தட்டச்சாகியிருக்கிறது. ஒன்றை நகலெடுத்து, 'ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்' மூலம் எல்லா இடங்களிலும் மாற்றிவிடலாம். சிலர் காலுக்குப் பதிலாக 'ர' அடிப்பதும் உண்டு, அதையும் கவனியுங்கள். இவ்வளவு தொல்லை இருப்பதால், பணம் அனுப்பும் பட்டியலை ஒருபோதும் பெயரையோ ஊரையோ கொண்டு பொருத்தாதீர்கள். உறுப்பினர் எண்ணைக் கொண்டே பொருத்துங்கள்.

பதில் 4 (குளச்சல், அலுவலகப் பணியாளர்)

கோப்பில் தேதியும் இருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள். விண்டோஸின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால், ஜூன் 5-ஐக் குறிக்கும் 05/06 மே 6 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட நாட்கள் தேதியாகவே மாறாமல் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். வட்டார அமைப்பை இந்தியா என்று மாற்றிவிட்டுக் கோப்பை மீண்டும் கொண்டுவாருங்கள்.