ரைட் லேன்ல 60ல உருட்டுறவங்களுக்கு ஃபைனே கிடையாதா?

திண்டிவனம்_தம்பி கேட்டது:

வணக்கம் மக்களே. சென்னை – திருச்சி ரோட்டுல அடிக்கடி போய்ட்டு வர்றவன் நான், இந்த விஷயத்தை யார்கிட்டயாவது கொட்டணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். விக்கிரவாண்டி டோல் தாண்டினா போதும், ரோட்டு நடுவுல இருக்கிற மீடியனை ஒட்டி ரைட் லேன்ல ஒரு கார் 60ல நிம்மதியா போகும், அதுக்குப் பக்கத்துலயே லெஃப்ட்ல ஒரு லாரி 58ல போகும், ரெண்டும் ஜோடி போட்டு போறதால பின்னாடி ஆம்னி பஸ், டாக்ஸி, குடும்பத்தோட ஊருக்குப் போறவன்னு ஒரு ஊர்வலமே நிக்கும். ஹாரன் அடிச்சா கண்ணாடி ஏத்தி பாட்டு ஓடுது, லைட் அடிச்சா சைடு மிரரையே மடக்கி வெச்சிருக்கான். மடக்கி! டோல்ல இடிச்சுடும்னு மடக்கினதாம், அப்புறம் விரிக்கவே இல்ல.

போன வாரம் உளுந்தூர்பேட்டை பக்கம் அப்படி ஒருத்தர், மேல கேரியர்ல மெத்தை கட்டி, போனை தோள்ல இடுக்கிட்டு ரைட்ல. ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துட்டு லெஃப்ட்ல ஏறினா முன்னாடி ரிஃப்ளெக்டர் இல்லாம கரும்பு டிராக்டர். எப்படியோ தப்பிச்சேன். அதுக்கு அப்புறம் கொஞ்ச தூரத்துல பாலத்து நிழல்ல ஸ்பீடு கன் வெச்சுட்டு நிக்கிறாங்க, எனக்கு மட்டும் ஓவர்ஸ்பீடு ஃபைன் மெசேஜ் வருது. மெத்தைக்காரர் ஜம்முனு போறார்.

கேள்வி இதுதான். ரைட் லேன்ல மெதுவா போய் வழி மறிக்கிறதுக்கு சட்டத்துல ஃபைன் இருக்கா இல்லையா? இருந்தா ஏன் யாரும் போடுறதில்ல? நீங்கல்லாம் இதை எப்படி சமாளிக்கிறீங்க?

கோர்ட்_வாசல்:

இருக்கு தம்பி. 2017ல மோட்டார் வெஹிக்கிள்ஸ் டிரைவிங் ரெகுலேஷன்ஸ்னு ஒண்ணு வந்துச்சு, அதுக்கு முன்னாடி இருந்தது 1989 ரூல்ஸ். முடிஞ்ச வரைக்கும் லெஃப்ட்ல போகணும், தாண்டுறதுன்னா ரைட்ல தாண்டணும், உன்னை ஒருத்தன் தாண்டும்போது ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது, எல்லாம் அதுல இருக்கு. இதெல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்தோட 118வது செக்‌ஷன்ல போட்ட ரெகுலேஷன். அதை மீறினா அதே சட்டத்துல 177ஏ செக்‌ஷன், 2019 திருத்தத்துல சேர்த்தது, 500ல இருந்து 1000 ரூபா வரைக்கும் ஃபைன். ஓவர்ஸ்பீடுக்கு 183ல காருக்கு 1000ல இருந்து 2000, கனரக வண்டிக்கு 2000ல இருந்து 4000.

இதுல வேடிக்கை என்னன்னா, அவன் வழி விடாம நீங்க கடுப்பாகி லெஃப்ட்ல தாண்டினீங்க பாருங்க, அது 184ல வரலாம். ஆபத்தா ஓட்டுறது. முறை தவறி ஓவர்டேக் பண்றதையும் அதுக்குள்ள சேர்த்துட்டாங்க, முதல் தடவையே 1000ல இருந்து 5000, ஜெயிலுக்கும் இடம் இருக்கு. முன்னாடி வண்டி ரைட்ல திரும்ப சிக்னல் போட்டு ஒதுங்கி நின்னா லெஃப்ட்ல போகலாம், அந்த மாதிரி சில நிலைமை தவிர லெஃப்ட் ஓவர்டேக் கிடையாது. மறிச்சவனுக்கு சின்ன செக்‌ஷன், மாட்டிக்கிட்டு முழிக்கிறவனுக்கு பெரிய செக்‌ஷன்.

ஏன் போடுறதில்லன்னா, ஸ்பீடு கன்ல ஒரு நம்பர் வருது, போட்டோ வருது, சலான் போயிடும், அதோட முடிஞ்சுது. லேனை மறிச்சான்னு நிரூபிக்க அவனை ரெண்டு மூணு கிலோமீட்டர் பின்னாடியே போய் வீடியோ எடுக்கணும். நிறுத்தினா "சார் ஓவர்டேக் பண்ணிட்டு இருந்தேன்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவான். ரோந்து வண்டி ஆக்சிடெண்டுக்கு ஓடவே நேரம் சரியா இருக்கு.

ஸ்டியரிங்_சுமதி:

எல்லாரும் ரைட்ல போறவங்களை திட்டுறீங்க, லெஃப்ட் லேனை ஒரு தடவை முழுசா ஓட்டிப் பாருங்க. எதிர்ல ராங் சைடுல பால் கேன் கட்டின பைக் வருவாரு. யூ டர்ன் தூரம்னு ஊர்க்காரங்க அப்படித்தான் வர்றாங்க, அவங்களையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது, ரெண்டு கிலோமீட்டர் சுத்திட்டு வான்னா யார் வருவா. அறுப்பு நேரத்துல பாதி லேன்ல நெல்லு காயும், சுத்தி கல்லு அடுக்கி வெச்சிருப்பாங்க. பஞ்சர் ஆன லாரிக்குப் பின்னாடி வார்னிங் ட்ரையாங்கிளுக்கு பதிலா ஒரு மரக்கிளை. கனரக வண்டி ஓடி ஓடி தார் பள்ளம் விழுந்து கார் தன்னால இழுக்கும். நான் குழந்தைங்களை வெச்சுட்டு ஓட்டுறவ, எனக்கு ரைட்தான் பயமில்லாம இருக்கு.

அதுவும் நான் 60ல எல்லாம் போறதில்ல, போர்டுல என்ன போட்டிருக்கோ அதுல போறேன். அப்பவும் பின்னாடி ஒரு பெரிய எஸ்யூவி பம்பரை முத்தம் குடுக்குற அளவுக்கு வந்து ஹை பீம் அடிக்கிறான். 100ல போனா செகண்டுக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுது வண்டி, நான் பிரேக்ல கால் வெச்சா அவன் எங்க வந்து நிப்பான்? தம்பி, உங்களுக்கு மெசேஜ் வந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க, அப்போ எவ்வளவுல போனீங்கன்னு மட்டும் சொல்லவே இல்லையே.

திண்டிவனம்_தம்பி:

அக்கா அந்தக் கேள்வியை கேட்காதீங்க 😅 ஆனா நீங்க சொல்றதும் நான் சொல்றதும் வேற வேற. போர்டு ஸ்பீடுல போறவங்களை நான் ஒண்ணும் சொல்லல. லெஃப்ட் ஒரு கிலோமீட்டருக்கு காலியா கிடக்குறப்பவும் ரைட்டை விட்டு இறங்காதவங்களைத்தான் கேக்குறேன். இன்னொண்ணு மறந்துட்டேன், மீடியன்ல அரளிச் செடிக்கு தண்ணி ஊத்துற டேங்கர். வளைவு தாண்டின உடனே ஃபாஸ்ட் லேன்ல நிக்குது, பின்னாடி ஒருத்தர் சிவப்புக் கொடியை ஆட்டிட்டு, அவர் நிக்கிற இடமோ டேங்கருக்கு பத்தடி தள்ளி. அந்தாளு உயிரை யார் பார்க்குறா.

நாமக்கல்_பதினாலுசக்கரம்:

தம்பி, லாரிக்காரனை எல்லாரும் ஏசுறீங்க, கேபின்ல ஏறி உக்காந்து பாருங்க. லோடு வண்டி லெஃப்ட்ல போய்ட்டு இருக்கும், முன்னாடி ஷேர் ஆட்டோ திடீர்னு நிக்கும், ரைட்டுக்கு வந்தாகணும். இண்டிகேட்டர் போட்டா கார்க்காரன் ஒருத்தன் கேப் குடுக்கணுமே, இன்னும் வேகமா மிதிச்சுட்டு வருவான். நின்னு போயிட்டா மறுபடி ஒண்ணாவது கியர்ல இருந்து எடுத்து வேகம் பிடிக்கிறதுக்குள்ள எவ்வளவு டீசல் போகும்னு தெரியுமா? அதனால ஒருக்கா ரைட்டுக்கு வந்தவன் அங்கேயே இருந்துக்குறான். நான் சரின்னு சொல்லல, காரணம் அதுதான்.

ரெண்டாவது, வேகக் கட்டுப்பாட்டு கருவி. லாரிக்கு 80ல கட்டு. 75ல போற வண்டியை 80ல போற வண்டி தாண்டணும்னா ரெண்டு வண்டி நீளம், முன்ன பின்ன இடைவெளி எல்லாம் சேர்த்து அரை நிமிஷத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள முக்கால் கிலோமீட்டர் ஓடிடும். பின்னாடி இருக்கிறவனுக்கு நாங்க வேணும்னே மறிக்கிற மாதிரிதான் தெரியும். ஏத்தம் வந்துட்டா கேக்கவே வேணாம், லோடு வண்டி அப்படியே அமுங்கிடும், அந்த இடத்துல ஓவர்டேக் ஆரம்பிக்கிறவன்தான் உண்மைல தப்பு பண்றவன், எங்க ஆளுங்கள்லயே அது நிறைய பேர் பண்றாங்க.

அப்புறம் கிளீனர். முன்னெல்லாம் லெஃப்ட்ல ஒருத்தன் தலையை நீட்டி "வரட்டும் வரட்டும்... ஏய் பைக்கு பைக்கு"ன்னு கத்துவான். இப்ப சம்பளம் கட்டுபடியாகல, பாதி வண்டி சிங்கிள் டிரைவர். கேபினுக்கு லெஃப்ட்ல கீழ என்ன இருக்குன்னு எவ்வளவு மிரர் வெச்சாலும் தெரியாது. பைக் ஓடுற பக்கத்துல கண்ணு தெரியாம போறதுக்கு, மீடியன் பக்கம் கண்ணுக்கு நேரா இருக்குன்னு டிரைவர் ரைட்லயே ஓட்டுறான்.

ஆனா இதே டிரைவருங்க மும்பை – புனே எக்ஸ்பிரஸ்வேல ஒழுங்கா போவாங்க. அங்க 2024ல இருந்து மேல கேட் மாதிரி வெச்சு கேமரா, ஸ்பீடோட லேனையும் பார்க்குது, கனரக வண்டி ரைட் கடைசி லேன்லயே போனா சலான் ஓனருக்கு வந்துடும், ஓனர் டிரைவர் படிக்காசுல கை வெப்பாரு. அவ்வளவுதான், தானா இறங்கிடுவான். ஆனா அங்க பைக், ஆட்டோ உள்ளயே வர முடியாது, அதையும் சேர்த்துப் பார்க்கணும். லெஃப்ட் சுத்தமா இருந்தாத்தான் லெஃப்ட்ல போன்னு சொல்ல முடியும்.

பாலைவன_பாண்டி:

அபுதாபில இருந்து. இங்க வலது பக்க போக்குவரத்து, அதனால ஃபாஸ்ட் லேன் இடது பக்கம், நம்ம ஊருக்கு தலைகீழ். 2023ல ஷேக் முகமது பின் ராஷித் ரோட்டுல ஒரு வேலை பண்ணாங்க, உச்ச வேகம் 140, இடது பக்க ரெண்டு லேன்ல குறைஞ்சது 120ல போகணும், இல்லன்னா 400 திர்ஹம். மே மாசத்துல இருந்து ஃபைன். கேட்டப்ப நம்ம திண்டிவனம் தம்பி மாதிரி ஆளுங்களுக்கு கொண்டாட்டமாத்தான் இருந்துச்சு. 2025 ஏப்ரல்ல அந்த குறைஞ்ச வேகத்தையே எடுத்துட்டாங்க.

அதே சமயம் பம்பரை ஒட்டி வந்து லைட் அடிக்கிறவனுக்கும் 400 திர்ஹம், கூடவே 4 கருப்புப் புள்ளி. ரெண்டு பக்கமும் அடி. சுமதி அக்கா சொன்ன எஸ்யூவிக்காரன் இங்கயும் இருக்கான், ஆனா கொஞ்சம் பயந்துட்டு இருக்கான். புள்ளி சேர்ந்தா லைசென்ஸ் போயிடும், லைசென்ஸ் போனா டிரைவர் வேலையில இருக்கிறவனுக்கு சோறு போயிடும்.

திண்டிவனம்_தம்பி:

நாமக்கல் அண்ணே, அப்போ லோடு வண்டி ரைட்ல போகும்போது நான் என்னதான் பண்றது? உங்க ஆளுங்களுக்கு எது புரியும்?

நாமக்கல்_பதினாலுசக்கரம்:

ஒட்டி வராதீங்க, ஒட்டி வந்தா நீங்க இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது. நாலு வண்டி தள்ளி, மீடியன் பக்கமா கொஞ்சம் சாய்ஞ்சு, எங்க ரைட் மிரர்ல உங்க முகப்பு தெரியிற மாதிரி வந்து ரெண்டே தடவை டிப் அடிங்க. விடாம அடிச்சா டிரைவருக்கு வீம்புதான் வரும். லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டு வண்டி சாயுற வரைக்கும் பொறுங்க. ரைட் இண்டிகேட்டரை நம்பாதீங்க, அது ஒருத்தனுக்கு 'போ', இன்னொருத்தனுக்கு 'வராதே', மூணாவது ஆளு டீக்கடையில போட்டதை அணைக்க மறந்திருப்பான். பின்னாடி 108 சத்தம் கேட்டா மட்டும் எங்க ஆளு எவனா இருந்தாலும் ஒதுங்கிடுவான், அதுக்கு வழி விடலைன்னா பத்தாயிரம்.

கோர்ட்_வாசல்:

அது 194ஈ. சரி, ரைட் லேனை மறிச்சதுக்காக மட்டும் 177ஏ சலான் வாங்கின ஆள் இங்க யாராவது இருந்தா நம்பரை மறைச்சுட்டு போட்டோ போடுங்க. கோர்ட் பக்கமே சுத்துறேன், கண்ணால பார்த்ததில்ல.

ஸ்டியரிங்_சுமதி:

மெத்தைக்காரருக்கு வந்தா அவர்தான் போடணும். அவர் போன்ல இருக்காரே.