எண்டோஸ்கோப் உட்செலுத்தலைக் கண்காணிக்கும் அமைப்பு: முதல் பரிசோதனை அறிக்கைக்கு எங்கிருந்து பதில் தொடங்குவது?

நொய்யல்:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். பெருங்குடல் எண்டோஸ்கோப்பியின்போது குழாய் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது, போகும் வழியில் எங்கேனும் வளையம் போட்டுக்கொண்டதா என்பதைக் கண்காணிக்கும் ஓர் அமைப்புக்கு இந்தியக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். காப்புரிமை அலுவலகம் தன் ஆட்சேபங்களைச் சொல்லும் முதல் பரிசோதனை அறிக்கை வந்து இரண்டு மாதங்களாகின்றன. பலமுறை படித்தும் எந்த முனையிலிருந்து பதிலைத் தொடங்குவது என்று பிடிபடாததால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் அமைப்பு இதுதான். குழாய் உடலுக்குள் நுழையும் இடத்தில் கைக்கு அடக்கமான ஒரு கூடு இருக்கும். அதிலுள்ள உருளைகளும் ஒளி உணரியும் குழாய் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது, எத்தனை டிகிரி முறுக்கப்பட்டது என்று அளக்கும். அதே நேரத்தில், நுனிக் கேமராவின் படத்தில் குடல் மடிப்புகள் நகரும் விதத்தைக் கொண்டு, நுனி உண்மையில் எவ்வளவு முன்னேறியது என்று ஒரு செயலி கணிக்கும். இரண்டு தூரங்களும் ஒத்துப்போகாதபோது, குழாய் வளையம் போடத் தொடங்கிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் தோன்றும். ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி அறையில் நின்றபோதுதான் இந்த எண்ணம் எனக்கு வந்தது. மருத்துவரின் வலக்கை ஜெல் பூசிய குழாயை ஒரு குறியிலிருந்து அடுத்த குறி வரை, அதாவது முழுதாகப் பத்து சென்டிமீட்டர், தள்ளியது. திரையில் தெரிந்த மடிப்போ அருகே வராமல் மெல்லப் பின்வாங்கியது. மயக்க மருந்தையும் மீறி நோயாளியின் முகம் சுருங்கியது.

அறிக்கையில் உள்ள ஆட்சேபங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோரிக்கைகளில் (எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகங்களில்) முதல் நான்கு செய்முறைக் கோரிக்கைகள் என்பதால் பிரிவு 3(ஐ)-இன்கீழ் தடை. ஐந்து முதல் ஏழு வரை படத்தைக் கணிக்கும் முறை என்பதால், கணக்கீட்டு முறைகளையும் வெறும் கணினி நிரல்களையும் விலக்கும் பிரிவு 3(கே)-இன்கீழ் தடை. எட்டாவது கோரிக்கை அமைப்பைப் பற்றியது. அதற்கு டி1, டி2 என்று குறிக்கப்பட்ட, முன்பே வெளியான இரண்டு ஆவணங்களைச் சேர்த்துக் காட்டி, புத்தாக்கப் படி இல்லை, அதாவது துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதுதான் என்கிறார்கள். டி1 குழாயினுள் காந்தச் சுருள்களை வைத்து அதன் வடிவத்தைத் திரையில் காட்டுகிறது. டி2 உருளையைக் கொண்டு உட்செலுத்திய நீளத்தை மட்டும் அளக்கிறது. இவை தவிர, கோரிக்கையில் வரும் "போதிய அளவு வேறுபாடு" என்ற தொடர் தெளிவற்றது என்ற ஆட்சேபமும் உண்டு. பி.சி.டி. என்னும் பன்னாட்டுக் காப்புரிமை ஒப்பந்தத்தின் வழியாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே விண்ணப்பம் நிலுவையில் உள்ளது.

எங்கள் கருவியைப் போன்ற ஒன்று டி1-இலும் இல்லை, டி2-இலும் இல்லை. அதை மட்டும் அழுத்திச் சொன்னால் போதாதா?

கிண்டி முகவர்:

வணக்கம். ஒரு காப்புரிமை முகவராக முதலில் நாட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறிக்கை வந்த நாளிலிருந்து பதிலுக்கு ஆறு மாதங்கள் உண்டு. மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிப்புக் கேட்கலாம். ஆனால் 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகளின்படி, வெளிநாட்டு விண்ணப்பங்களின் விவரத்தைத் தரும் படிவம் 3-ஐ அறிக்கை வெளியான மூன்று மாதங்களுக்குள் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு எஞ்சியிருப்பது ஒரு மாதம்தான். மற்றவற்றை ஆற அமர எழுதலாம். இதை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

இனி பிரிவு 3(ஐ). மனிதர்களுக்கு மருத்துவம், அறுவை, நோயறிதல், சிகிச்சை முதலியவற்றைச் செய்யும் எந்தச் செய்முறைக்கும் காப்புரிமை இல்லை என்பது அதன் சாரம். கருவிக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் முதல் கோரிக்கையின் முதல் படி "எண்டோஸ்கோப்பை நோயாளியின் குடலுக்குள் செலுத்துதல்" என்றும், கடைசிப் படி "வளையத்தை நேராக்குதல்" என்றும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இரண்டுமே மருத்துவரின் கை செய்யும் வேலைகள். அவை கோரிக்கைக்குள் இருக்கும்வரை, நடுவில் எவ்வளவு நுட்பமான கணக்கு இருந்தாலும் பரிசோதகர் அதை மருத்துவச் செய்முறையாகவே படிப்பார், படிக்கவும் வேண்டும்.

நோயறிதல் என்ற கோணத்தில் உங்களுக்கு நல்ல வாதம் இருக்கிறது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தந்த தீர்ப்பு, இந்தத் தடை உடலின் மீது நேரடியாகச் செய்யும் சோதனைகளுக்கு மட்டும் உரியதன்று என்று சொன்னது. அதோடு, கோரப்படும் செய்முறை தன்னளவில் நோயைக் கண்டறியக்கூடியதா என்று பார்க்கச் சொல்கிறது. குழாயில் விழும் வளையம் நோயன்று. அது கருவியின் நிலை. அதைக் கண்டறிவது நோயறிதல் ஆகாது என்று துணிந்து எழுதலாம். ஆனால் அறுவை, சிகிச்சை என்ற சொற்களிலிருந்து இந்த வாதம் உங்களைக் காப்பாற்றாது. ஆகவே, முதல் நான்கு கோரிக்கைகளைக் கைவிட்டு எட்டாவதன்மீது நிற்பதே என் ஆலோசனை. அமைப்புக் கோரிக்கை தொடக்கத்திலேயே இருந்தது உங்கள் நல்லகாலம். செய்முறைக் கோரிக்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு வந்து, பிறகு அவற்றைக் கருவியாக மாற்றப் பார்ப்பவர்களைப் பிரிவு 59 மறித்துவிடுகிறது: திருத்திய கோரிக்கை பழைய கோரிக்கையின் எல்லைக்குள் முழுவதுமாக அடங்க வேண்டும்.

பிரிவு 3(கே) பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். பெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில், தொழில்நுட்ப விளைவையும் பங்களிப்பையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. புதிய வன்பொருள் இருந்தே ஆகவேண்டும் என்று 2016இல் வந்த வழிகாட்டுதலும் 2017இல் நீக்கப்பட்டது. ஐந்து முதல் ஏழு வரை உள்ளவற்றை எட்டாவது கோரிக்கையின் செயலி செய்யும் பணிகளாகச் சேர்த்து எழுதுங்கள்.

குடலியல் மருத்துவர்:

சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் டி1-ஐயும் டி2-ஐயும் பற்றி, தினமும் குழாயைக் கையில் பிடிப்பவள் என்ற முறையில் சொல்ல இருக்கிறது.

சிக்மாய்டு குடல், அதாவது மலக்குடலை அடுத்துள்ள வளைந்த பகுதி, வயிற்றுக்குள் கட்டுண்டு கிடப்பதில்லை. அதனால் நாம் தள்ளத் தள்ள அது குழாயோடு சேர்ந்து நீண்டு வளைந்துவிடும். குழாய் நேராக இருந்தால், பெருங்குடலின் மறுமுனையான சீகத்தை எட்டும்போது உள்ளே இருக்கும் நீளம் ஏறத்தாழ 70 முதல் 80 செ.மீ. அதே இடத்தை எட்ட 120 செ.மீ. செலவாகியிருந்தால், மீதி எங்கோ வளையமாகக் கிடக்கிறது என்று பொருள். வளையத்தோடு தள்ளுவதுதான் நோயாளிக்கு வலியைத் தருகிறது, சில வேளைகளில் குடல் சுவருக்கே ஆபத்தாகிறது. நீளத்தைப் பார்த்து வளையத்தை ஊகிப்பது எங்கள் பயிற்சியின் தொடக்கப்பாடம். ஆகவே "நீளத்தைக் கொண்டு வளையத்தை அறிகிறோம்" என்று மட்டும் நீங்கள் எழுதினால், அது எந்தப் பயிற்சி மருத்துவருக்கும் தெரிந்ததுதான் என்று பரிசோதகர் சொல்லிவிடலாம்.

டி1 வகை நுட்பம் பழையது. முன்பு எக்ஸ்-ரே திரையை நம்பியிருந்த இடத்தில், காந்தச் சுருள்களைக் கொண்டு குழாயின் வடிவத்தை முப்பரிமாணத்தில் காட்டலாம் என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் 1993இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பின்னர் ஒலிம்பஸ் நிறுவனம் ஸ்கோப்கைடு என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் சுருள்கள் குழாயின் உள்ளேயே இருக்க வேண்டும், அல்லது சுருள்கள் கொண்ட ஒரு கம்பியைக் கருவி செல்லும் வழியில் நுழைக்க வேண்டும். சாதாரணக் குழாய்களை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு உங்கள் கூட்டின் பயன் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கேள்வி. நுனி சுவரில் முட்டியதும் படம் முழுவதும் சிவப்பாகிவிடும். மடிப்பும் தெரியாது, வழியும் தெரியாது. வளையம் விழும் நேரத்தில்தான் இது அடிக்கடி நடக்கிறது. அந்தச் சில விநாடிகளில் உங்கள் செயலி என்ன செய்கிறது?

நொய்யல்:

மருத்துவர் அம்மாவுக்கு நன்றி. முன்மாதிரியில் எங்களை அதிக நாட்கள் அலைக்கழித்தது அந்தச் சிவப்புப் படம்தான். படம் மறைந்ததும் செயலி ஒப்பீட்டை நிறுத்திவைக்கும். அந்த இடைவெளியில் கூட்டின் வழியே நகர்ந்த நீளத்தையும் முறுக்கிய கோணத்தையும் தனியே சேர்த்துவரும். மடிப்புகள் மீண்டும் தெரிந்ததும், மறைவதற்கு முன் கடைசியாகத் தெரிந்த மடிப்போடு பொருத்திப் பார்த்து வேறுபாட்டைத் திருத்தும். முறுக்கிய கோணம் இல்லாவிட்டால் படம் சுழன்றிருப்பதால் பொருத்தம் தவறிவிடும். இது விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியான விவரக்குறிப்பில் இரண்டு பத்திகளாக இருக்கிறது. கோரிக்கையில் இல்லை. விண்ணப்பம் எழுதியபோது இதை ஒரு சிறு உள்விவரம் என்று நினைத்துவிட்டோம்.

வைகைக்கரை:

பெங்களூரில் வெளிநாட்டு விண்ணப்பங்களுக்குப் பதில் எழுதும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நொய்யல் அவர்களே, உங்கள் கடைசிப் பதிவில் இருப்பதுதான் உங்கள் காப்புரிமை. ஏன் என்று சொல்கிறேன்.

"டி1-இலும் இல்லை, டி2-இலும் இல்லை" என்பது புதுமைக்கான பதில். பரிசோதகர் கேட்பது புத்தாக்கப் படியை. அதற்கு ஆவணங்களைத் தனித்தனியே மறுப்பது எடுபடாது. எட்டாவது கோரிக்கையில் "நுனியின் முன்னேற்றத்தைக் கணிக்கும் வழிமுறை" என்று மட்டும் இருந்தால், அவர் சொல்வது சரி என்றே நான் கருதுகிறேன். டி1-இன் முதல் சுருள் நுனி இருக்கும் இடத்தைத் தருகிறது. டி2 தள்ளிய நீளத்தைத் தருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது கணக்கு. பரந்த கோரிக்கையை அப்படியே காப்பாற்ற முயன்று விசாரணையில் எல்லாவற்றையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படிச் சிந்தித்துப் பாருங்கள். டி1-ஐக் கையில் வைத்திருப்பவருக்கு வளையம் கண்ணெதிரே திரையில் தெரிகிறது. அவர் டி2-ஐச் சேர்த்தாலும், வடிவத்தின் பக்கத்தில் நீளத்தையும் ஓர் எண்ணாகக் காட்டுவாரே தவிர, சுருள்களைக் கழற்றிவிட்டு, கேமராப் படத்தை நம்பிப் போக அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. அதுவும் மருத்துவர் சொன்னதுபோல், மிகவும் தேவைப்படும் நேரத்தில் படமே மறைந்துவிடும் என்று இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, யாரும் அந்த வழியைத் தவிர்க்கவே செய்வார்கள். நீங்கள் அந்த வழியில் போனதோடு, படம் மறையும் இடைவெளியை நீளத்தாலும் முறுக்குக் கோணத்தாலும் கடந்திருக்கிறீர்கள். டி1, டி2 இரண்டையும் எப்படிச் சேர்த்தாலும் இது வராது. விவரக்குறிப்பில் ஏற்கனவே இருப்பதைச் சேர்த்து கோரிக்கையைக் குறுக்குவதால் பிரிவு 59-ம் தடையாகாது. "போதிய அளவு வேறுபாடு" என்பதற்கும், விவரக்குறிப்பில் வரம்பு எண் ஏதேனும் இருந்தால் அதையே இட்டுவிடுங்கள்.

புத்தாக்கப் படியை வரையறுக்கும் இந்தியச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ) தொழில்நுட்ப முன்னேற்றத்தோடு பொருளாதார முக்கியத்துவத்தையும் ஏற்கிறது. சாதாரணக் குழாயை மாற்றாமலே பயன்படுத்தலாம் என்பதை அங்கே எழுதுங்கள். அது தனியாக நிற்காது, துணையாக நிற்கும்.

ஐரோப்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே எழுதும் சொற்களை அங்கேயும் படிப்பார்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவுபடுத்தப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் 2010இல் ஜி 1/07 முடிவில் இரண்டு விஷயங்களைச் சொன்னது. உடல்நலத்துக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்துள்ள உடல் ஊடுருவல் ஒரு படியாக இருந்தால், அந்தப் படமெடுக்கும் முறைக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் அறுவையின் நடுவே கிடைக்கும் தரவு, அடுத்து என்ன செய்வது என்று மருத்துவர் உடனே முடிவெடுக்க உதவுகிறது என்பதனால் மட்டும் அந்த முறை அறுவையாகிவிடாது. உங்கள் எச்சரிக்கை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. குழாயைச் செலுத்தும் படியை நீக்கிவிட்டால், அங்கே செயல்பாட்டு முறைக் கோரிக்கையைக்கூட ஓரளவு காப்பாற்றலாம். அமெரிக்காவில் மருத்துவச் செய்முறைக்குக் காப்புரிமை உண்டு. மருத்துவரின் மருத்துவச் செயலுக்கு எதிராக இழப்பீடு பெறுவதைத்தான் அங்கே சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே இங்கே கைவிடும் நான்கு கோரிக்கைகளை அங்கேயும் கைவிட வேண்டியதில்லை. இங்கே தரும் பதிலில் "இவை மருத்துவச் செய்முறை என்று ஒப்புக்கொள்கிறோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "விசாரணையை விரைவுபடுத்த நீக்குகிறோம்" என்பது போதும்.

நொய்யல்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படிவம் 3-ஐ நிறுவனத்தில் இன்றே எடுத்துக்கொடுத்துவிட்டேன். எட்டாவது கோரிக்கையின் நடுப்பகுதியை இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்:

"மருத்துவர் குழாயைத் தள்ளும்போது அக்குழாயின் நீள நகர்வையும் முறுக்குக் கோணத்தையும் அளக்கும் கூடு, கேமராப் படங்களில் குடல் மடிப்புகளின் நகர்விலிருந்து நுனியின் முன்னேற்றத்தைக் கணிக்கும் செயலி, மடிப்புகள் படத்தில் தெரியாத இடைவெளியில் ஒப்பீட்டை நிறுத்தி, நீள நகர்வையும் முறுக்குக் கோணத்தையும் தனியே சேமித்து, மடிப்புகள் மீண்டும் தெரியும்போது அவ்விரண்டையும் கொண்டு கடைசியாகத் தெரிந்த மடிப்போடு பொருத்தி வேறுபாட்டைத் திருத்தும் வகையில் அச்செயலி அமைக்கப்பட்டுள்ளது."

கிண்டி முகவர்:

நன்றாக வந்திருக்கிறது. "மருத்துவர் குழாயைத் தள்ளும்போது" என்பதை மட்டும் எடுத்துவிட்டு, "குழாய் கூட்டின் வழியே நகரும்போது" என்று எழுதுங்கள்.